காற்று இறங்கும் லாரி

மின்சாரம் போனால்தான் அந்த லாரி மூச்சு விடுவது கேட்கும்.

மற்ற நேரத்தில் கேட்க வழியில்லை. கிட்டுசாமியின் லாரி ஷெட்டுக்கும் பக்கத்துப் பனியன் கம்பெனிக்கும் நடுவே ஒரே சுவர். நிட்டிங் மிஷின்கள் விடிந்ததிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். திருப்பூரில் அந்த வருஷம் மின்வெட்டு கடுமையாக இருந்தது. பதினொரு மணி வாக்கில் கரண்ட் நின்றதும் மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, தெருவே காது அடைத்தாற்போல ஆகிவிடும். அப்போது ஷெட்டுக்குள்ளிருந்து வரும் அந்தச் சத்தம். நீளமாக ஒரு மூச்சு. சிறு நிறுத்தம். மறுபடி ஒரு மூச்சு. கபம் கட்டிய நெஞ்சிலிருந்து வருவதுபோல அடியில் ஒரு கரகரப்பும் இருக்கும்.

நேரம் போகப் போக அது தளரும். இடைவெளி நீளும். கடைசியில் ஒரு மூச்சு பாதியில் அறுந்து நின்றுவிடும். உச்சி வெயிலில் தினமும் ஒரு ஆள் அங்கே செத்துப்போவது போல இருக்கும் என்று கம்பெனிப் பெண்கள் சொன்னார்கள். அந்த நேரத்தில் ஷெட்டுப் பக்கம் யாரும் தண்ணீர் எடுக்கக்கூடப் போவதில்லை.

மூச்சு விடுவது கன்னையன் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த லாரியின் டிரைவராக இருந்தவன் அவன். முந்தின ஐப்பசியில் ஹூப்ளியிலிருந்து பஞ்சு பேல் மூட்டைகள் ஏற்றிக்கொண்டு திம்பம் மலையில் இறங்கும்போது, லாரி பிடிபடாமல் ஓடிப் பாறையில் மோதியது. ஸ்டியரிங் நெஞ்சில் இறங்கி அவன் அங்கேயே போய்விட்டான். கூட இருந்த கிளீனர் நல்லான், ஐம்பது வயது தாண்டியவன், வெளியே விழுந்து காலொடிந்து பிழைத்தான். தலையிலும் அடி. ஆசனூரில் டீ குடித்தது வரைக்கும்தான் அவனுக்கு நினைவு இருந்தது. அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்ததுதான்.

நடந்ததைச் சொல்ல ஆள் இல்லாததால் ஊரே ஒன்றைச் சொல்லிக்கொண்டது. ராத்திரி முழுக்க ஓட்டி வந்தவன், தூங்கிவிட்டான். சிலர் குடித்திருந்தான் என்றார்கள். லாரி முதலாளி கிட்டுசாமி கெட்டவர் இல்லை. ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் அவரும் தூக்கம்தான் என்று சொன்னார். கன்னையனுக்கு முன்பே மூச்சிழுப்பு வியாதி உண்டு. வருஷக்கணக்காகப் பஞ்சு பேல் மேலேயே படுத்துத் தூங்கியவன். அவன் மூச்சு விடுவதைக் கேட்டிருந்தவர்களுக்கு, லாரி விடும் மூச்சு யாருடையது என்று இன்னொருவர் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று.

கிட்டுசாமி லாரிக்குப் புதுக் கேபின் கட்டி, பெயிண்ட் அடித்துத் திரும்பக் கொண்டுவந்தார். இரண்டு டிரைவர்கள் வந்தார்கள், இரண்டு பேருமே நிற்கவில்லை. ஒருத்தர் பண்ணாரியில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனவர், திரும்பி வந்தபோது சக்கரத்தடியில் யாரோ மூச்சு விடுவதைக் கேட்டு, சாவியைக்கூட எடுக்காமல் பஸ் ஏறி வந்துவிட்டார். குண்டடத்திலிருந்து ஒரு மந்திரக்காரரை வரவழைத்து ரேடியேட்டரில் தாயத்துக் கட்டினார்கள். மூச்சு நிற்கவில்லை. லாரி ஷெட்டிலேயே கிடந்தது. கால் ஊனமான நல்லானைக் கிட்டுசாமி அங்கேயே காவலுக்கு வைத்துக்கொண்டார்.

மாசி மாதத்தில் மயில்சாமி வந்து சேர்ந்தான். அவினாசிப் பக்கத்து நெசவுக் குடும்பம். தறியில் உட்காரப் பிடிக்காமல் கோயமுத்தூரில் லாரி ஒர்க்ஷாப்பில் சில வருஷம் வேலை பார்த்து, பிறகு டிரைவர் ஆனவன். முப்பது வயது இருக்கும். ஊர் சொல்வதை முன்பே கேட்டிருந்தான். பேய் பற்றிக் கிட்டுசாமியிடம் அவன் ஒன்றும் கேட்கவில்லை. பிரேக்கில் காற்று எவ்வளவு நிற்கிறது என்று மட்டும் கேட்டான். அதெல்லாம் டிரைவர்கள் பார்க்கிற விஷயம் என்று அவர் சொல்லிவிட்டார்.

அந்த லாரிக்குக் காற்று பிரேக். எஞ்சின் ஓடும்போது கம்ப்ரசர் காற்றை உறிஞ்சி, அடியில் இருக்கும் டேங்கில் அடைக்கும். பிரேக்கை மிதித்தால் அந்தக் காற்றுதான் போய்ச் சக்கரத்தைப் பிடிக்க வேண்டும். டிரைவர் முன்னால் இருக்கும் மீட்டரில் முள் தொண்ணூறு, நூறு பவுண்டில் நிற்க வேண்டும். அறுபதுக்குக் கீழே இறங்கினால் வண்டியை எடுக்கக் கூடாது. காற்று இல்லையென்றால் பிரேக் இல்லை.

பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று நல்லான் தினமும் முற்பகலில் எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிடுவான். கேபினுக்குள் ஏறமாட்டான். படியில் நின்று கையை மட்டும் உள்ளே விட்டுச் சாவியைத் திருப்புவான். வந்து சேர்ந்த அன்றைக்கு மயில்சாமி தானே ஏறி உட்கார்ந்து போட்டான். முள் ஏறுவேனா என்றது. எஞ்சினை உறுமவிட்டும் அறுபதைத் தொடவே வெகுநேரம் ஆயிற்று. அதற்கு மேல் அசையவில்லை. எஞ்சினை நிறுத்தினான். பிரேக்கில் கால் வைக்கவில்லை. வைக்காமலே முள் கீழே இறங்க ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. மிஷின்கள் ஓய்ந்தன.

மயில்சாமி இறங்கி, குனிந்து, வண்டிக்கு அடியில் தலையை விட்டான். அடிச்சட்டமான சேஸிஸின் நிழலில் இருட்டாக இருந்தது. பின் சக்கரப் பக்கத்திலிருந்து மூச்சு வந்தது. காற்று ஒழுகும் சத்தம் அவன் எத்தனையோ கேட்டிருக்கிறான். அது சீறும், விடாமல் சீறும். இது அப்படி இல்லை. இழுத்து விட்டது. நின்றது. மறுபடி விட்டது. தூங்குகிற மனிதனுக்குப் பக்கத்தில் படுத்திருப்பதுபோல இருந்தது. வெயில் முதுகில் காய்ந்துகொண்டிருக்கும்போதே அவனுக்குக் கை மயிர் சிலிர்த்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்து பார்த்தான். பின் சக்கரத்துக்கு அந்தப் பக்கம், தரையில் இரண்டு பாதங்கள் தெரிந்தன.

எழ முயன்றதில் அவன் தலை சேஸிஸில் இடித்தது.

"பயந்துக்காதீங்க தம்பி. நானுங்க" என்று ஒரு பெண் குரல் வந்தது. "பக்கத்துக் கம்பெனியில பனியன்ல நூல் பிசிறு வெட்டறனுங்க."

சுற்றிப் போய்ப் பார்த்தான். அவனைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கும். புடவையிலும் தலையிலும் வெள்ளைப் பஞ்சுத் துணுக்குகள். பின் சக்கரத்தை ஒட்டி ஒரு செங்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவள்தான் கன்னையனின் மனைவி முத்தாத்தாள். கரண்ட் போய்க் கம்பெனி நின்றதும் மற்றவர்கள் நிழல் தேடிப் போக, அவள் இங்கே வந்துவிடுவாள். மற்றவர்கள் பயந்து ஒதுங்கிய இடம் அவளுக்கு வசதியாகப் போயிற்று. நல்லான் மட்டும் கேட்டருகே உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பான். விபத்துக்குப் பிறகு அவள் நல்லானிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிழைத்து வந்தவன் முகத்தைப் பார்க்க அவளுக்கு முடியவில்லை.

அவளே சொன்னாள். புருஷன் மூச்சைக் கேட்டுக்கொண்டே தூங்கிப் பழகியவள் தான். இழுப்பு வந்த ராத்திரிகளில், அடுத்த மூச்சு வருகிறதா என்று காது கொடுத்தபடியே விடியும். இங்கே வந்து உட்கார்ந்தால் அப்படித்தான் இருக்கிறது.

"அவருகிட்ட ஒண்ணே ஒண்ணு கேப்பனுங்க. தூங்கிப்போட்டீங்களா, குடிச்சிருந்தீங்களான்னு" என்றாள். "இது நிக்கறதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லீற மாட்டாரான்னு உக்காந்திருப்பேன்."

மூச்சு தளர்ந்துகொண்டே வந்தது. கடைசி மூச்சு வந்து, அடுத்தது வரவில்லை. அவள் எழுந்து, புடவையைத் தட்டிக்கொண்டு, கம்பெனிக்குப் போனாள். மயில்சாமி கேபினில் ஏறிப் பார்த்தான். முள் அடியில் கிடந்தது.

மறுநாள் காலையிலேயே அவன் வேலையைத் தொடங்கிவிட்டான். முதலில் டேங்கின் அடிக் குழாயைத் திறந்தான். துருத் தண்ணீரும் கறுப்பு எண்ணெயுமாகக் கொட்டியது. பிறகு கம்ப்ரசர் காற்றை உறிஞ்சும் வாயைக் கழற்றினான். உள்ளே சல்லடை தெரியவில்லை. பஞ்சு. எண்ணெயில் ஊறி, தூசியில் கறுத்து, அடைகட்டி இறுகிப்போன பஞ்சு. ஸ்குரூடிரைவரால் நெம்பி எடுத்தபோது எலிக் குஞ்சு மாதிரி ஒன்றாக வந்தது. பஞ்சு ஏற்றும் லாரி, பஞ்சு பறக்கும் தெருவில் நிற்கிற லாரி. வருஷக்கணக்காக உறிஞ்சி உறிஞ்சி அது தொண்டையை அடைத்துக்கொண்டிருந்தது. சல்லடையைக் கழுவி மாட்டியதும் முள் சரசரவென்று தொண்ணூறுக்கு ஏறியது.

ஆனால் எஞ்சினை நிறுத்தினால் இறங்கத்தான் செய்தது. இப்போது காற்று அதிகம் என்பதால் மூச்சும் பலமாக இருந்தது. கரண்ட் போய் முத்தாத்தாள் வந்தபோது, மயில்சாமி சோப்பைக் கரைத்த தகரக் குவளையும் பிரஷுமாக வண்டிக்கு அடியில் இருந்தான். ஒவ்வொரு குழாய் இணைப்பாகச் சோப்புத் தண்ணீரைப் பூசிக்கொண்டே போனான். எங்கும் நுரைக்கவில்லை. பின் சக்கரங்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் வால்வுக்கு வந்தான். அதன் அடி வாயில் பூசியதும் ஒரு குமிழி கிளம்பியது. பெரிதாகி, பெரிதாகி, வெடித்தது. சற்று நின்று இன்னொன்று கிளம்பியது. மூச்சு வரும்போதெல்லாம் குமிழி வந்தது.

அவன் அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் கையை ஊன்றிக் குனிந்து பார்த்தாள். உள்ளே ரப்பர் தட்டு ஒன்று ஓரம் கிழிந்திருக்கும், காற்று சேர்ந்து அதைத் தூக்கினால் ஒரு மூச்சு, அது திரும்ப விழுந்தால் நின்றுவிடும் என்று விளக்கினான். கரகரப்பு ரப்பர் அதிர்வதால் வருவது. அவள் குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் வால்வைப் பார்த்ததிலிருந்து அவன் மனதில் அதுவே ஓடிக்கொண்டிருந்தது. அதன் போல்ட்டுகளில் பழைய சேறு கெட்டியாக அப்பியிருந்தது. ஸ்பேனர் பட்ட தடம் இல்லை. விபத்துக்குப் பிறகு முன்பக்கத்தை மட்டும்தான் புதுசாகக் கட்டியிருக்கிறார்கள், இதை யாரும் தொடவில்லை.

"இது இன்னைக்கு நேத்துக் கிழிஞ்சதில்லீங்க்கா" என்றான். "பஞ்சு அடைச்சதும் அப்படித்தான். அன்னைக்கு மலையில எறங்கறப்பவும் இது இப்படித்தான் இருந்திருக்கோணும். மிதிக்க மிதிக்கக் காத்துத் தீந்திருக்கும். ஏத்தறதுக்குக் கம்ப்ரசருக்குச் சத்து இல்லை."

அவள் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அழவில்லை. இதை எப்போது அடைப்பீர்கள் என்று கேட்டாள். ரப்பர் கோயமுத்தூரில்தான் கிடைக்கும், நாளை போய் வாங்கிவந்து மறுநாள் மாட்டுவேன் என்றான். அப்படியானால் நாளைக்கு ஒருநாள் இது இருக்கட்டும் என்றாள். காற்றுத்தான் என்று தெரிந்தாலும், ஒருநாள் கேட்டுக்கொள்கிறேன் என்றாள்.

அவனுக்கு மறுக்கத் தோன்றவில்லை. மறுநாள் கிளம்புமுன் நல்லானிடம், வழக்கம்போல எஞ்சினைப் போட்டு வையுங்கள், வண்டியை மட்டும் யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனான். முதலாளி ஊரில் இல்லை. அவரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பது பஸ்ஸில் பல்லடம் தாண்டும்போதுதான் அவனுக்குப் பட்டது.

கிட்டுசாமி அன்று காலை எதிர்பாராமல் வந்துவிட்டார். கூடவே தங்கவேலு என்ற டிரைவர். பக்கத்துக் கம்பெனியின் சரக்கு அன்றே ரயில்வே கூட்ஸ் ஷெட்டுக்குப் போயாக வேண்டும், அவருடைய இன்னொரு லாரி தாராபுரத்தில் டயர் வெடித்து நிற்கிறது. இங்கே இந்த லாரி எஞ்சின் ஓடிக்கொண்டு, முள் தொண்ணூறில் அசையாமல் நிற்கிறது. மயில்சாமி சரிசெய்துவிட்டான் என்றே அவர் நினைத்தார். நல்லான் தடுத்துத்தான் பார்த்தான். எடுக்க வேண்டாமென்று சொல்லியிருக்கிறது என்றான். ஏன் என்று கேட்டால் அவனுக்கு விளக்கத் தெரியவில்லை. பயந்தாங்கொள்ளி என்று தங்கவேலு சிரித்தான். எஞ்சினை நிறுத்திவிட்டுச் சரக்கு ஏற்றினார்கள்.

ஏற்றி முடிக்கும் சமயம் கரண்ட் போயிற்று. முத்தாத்தாள் வந்தபோது, தார்ப்பாய் கட்டிய லாரி கேட்டைப் பார்த்துத் திரும்பி நின்றது. அடியில் மூச்சு ஏறக்குறைய ஓய்ந்துவிட்டிருந்தது. அவளுக்கு அதன் கணக்கு தெரியும். எவ்வளவு தளர்ந்தால் எவ்வளவு மிச்சம் என்பது எத்தனையோ மத்தியானங்கள் கேட்டுக் கேட்டுத் தெரிந்தது. தங்கவேலு எஞ்சினைப் போட்டு, முள் ஏறட்டும் என்று காத்திராமல் கியரைத் தட்டினான். கேட்டைத் தாண்டினால் நொய்யல் பாலம் வரைக்கும் ஒரே இறக்கம். அடியில் சந்தைக் கூட்டம்.

அவள் ஓடிப்போய்க் கேட்டுக்கு நடுவே நின்றாள்.

தங்கவேலு ஹாரன் அடித்தான். அவள் நகரவில்லை. கிட்டுசாமி வந்து, என்னம்மா இது, தள்ளி நில்லு என்றார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கம்பெனிப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அத்தனை பேரும் பார்க்க, அதுவரை அவள் யாரிடமும் சொல்ல விரும்பாத ஒன்றை அங்கே சொல்ல வேண்டியிருந்தது.

"இது எங்க ஊட்டுக்காரரு மூச்சில்லீங்க" என்றாள். "நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன். காத்து ஒழுகுதுங்க. பிரேக்குல காத்தில்லை. எடுக்காதீங்க."

முள் ஏறிக்கொண்டுதானே இருக்கிறது என்றான் தங்கவேலு. அவளுக்குப் புரியவைக்கிறவன் போல எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை ஓங்கி மிதித்துக் காட்டினான். முள் சரிந்தது. மறுபடி மிதித்தான், இன்னும் சரிந்தது. மூன்றாவது மிதிக்குக் கால் வெறுமனே தரையைத் தொட்டது. லாரி அவனைக் கேட்காமல் முன்னால் நகர ஆரம்பித்தது.

மிக மெதுவாகத்தான் நகர்ந்தது. தங்கவேலு கை பிரேக்கை இழுத்தான், பாரத்துக்கு அது காணவில்லை. முத்தாத்தாள் விலகியிருக்கலாம், நேரம் இருந்தது. ஏன் விலகவில்லை என்று பிற்பாடு அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. ரேடியேட்டர் தன்னைப் பார்த்து வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நல்லான் நொண்டிக் காலை இழுத்துக்கொண்டு ஓடிவந்து, கேட்டுக்கு முட்டுக்கொடுத்திருந்த மரக்கட்டையைத் தூக்கி முன் சக்கரத்தடியில் போட்டான். கட்டை முறிவதுபோல முனகிற்று. லாரி நின்றது. அவளுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு கை அகலம்தான் இருந்தது.

தங்கவேலு இறங்கிச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். கிட்டுசாமி லாரியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

சாயங்காலம் வந்து கேள்விப்பட்டதும் மயில்சாமி கேட்டுக்குப் போய் அந்த மரக்கட்டையைப் பார்த்தான். ஒருநாள் என்று தான் ஒத்துக்கொண்டதால் ஒரு சந்தையே நாசமாகியிருக்கும்.

மறுநாள் ரப்பரை மாட்டினான். வால்வைக் கழற்றுமுன் டேங்கில் இருக்கும் காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். முத்தாத்தாள் வந்து நின்றாள். திறக்கட்டுமா என்று அவளிடம் கேட்டான். தெறங்க என்றாள். குழாயைத் திருகினான். ஒரே நீள மூச்சாகக் காற்று வெளியேறிற்று. இழுப்பு இல்லை, நிறுத்தம் இல்லை. மண்ணில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய் அடங்கியது. பழைய ரப்பர் வட்டத்தை அவன் வெளியே எடுத்தான். ஓரத்தில் ஒரு நாக்குப் போலக் கிழிந்து தொங்கியது. அதை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

மாட்டிய பிறகு காற்றை ஏற்றி, எஞ்சினை நிறுத்தி, கரண்ட் வரும்வரை காத்திருந்தார்கள். முள் நின்ற இடத்தில் நின்றது. ஷெட்டில் அப்படியொரு அமைதியை நல்லான் கேட்டதில்லை. மூச்சு வந்துகொண்டிருந்தபோது இருந்த பயத்தைவிட அது பெரிதாக இருந்தது என்று அவன் தன் மனைவி மருதாளிடம் சொன்னான்.

முத்தாத்தாள் கிட்டுசாமியிடம் ஒன்று கேட்டாள். கன்னையன் செத்த இடத்தை அவள் பார்த்ததில்லை, பார்க்க வேண்டும். கிட்டுசாமி சரி என்றார். சாம்ராஜ்நகரில் சரக்கு இறக்கிவிட்டு அன்றே திரும்பும் ஒரு நாளில், தனியாக ஒரு பெண்ணை அனுப்பக் கூடாதென்று தானும் கூட வந்தார். மயில்சாமி ஓட்டினான்.

திரும்பும்போது திம்பத்திலிருந்து மயில்சாமி இரண்டாவது கியரில் இறக்கினான். மூங்கில் காடு காய்ந்து கிடந்தது. முத்தாத்தாள் ரோட்டைப் பார்க்கவில்லை. மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தாள். வளைவில் மிதித்தால் சற்று இறங்கும், உடனே ஏறிக்கொள்ளும். பாதி மலையில் கிட்டுசாமி கையைக் காட்டினார். மயில்சாமி ஓரங்கட்டி நிறுத்தினான்.

ரோடு அங்கே வலப்பக்கம் திரும்புகிறது. வலது ஓரம் மலை. நேர் எதிரே, இடப்பக்கமாக, பள்ளம். கீழே மரங்களின் தலைகள்தான் தெரிந்தன. மலைப்பக்கத்துப் பாறையில் ஆள் உயரத்துக்கு ஒரு சிராய்ப்பு வெள்ளையாக இருந்தது. லாரியின் பழைய பச்சை பெயிண்ட் கொஞ்சம் அதில் ஒட்டியிருந்தது. முத்தாத்தாள் அதன் முன்னால் நின்றாள். மயில்சாமி பாறையையும் பள்ளத்தையும் பார்த்தான். ரோட்டின் நடுவில் போய் நின்று, வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மெதுவாக வந்தான்.

"அக்கா, அவரு தூங்கலீங்க" என்றான். "தூங்கியிருந்தா வண்டி நேராப் போயிருக்கும். நேராப் போனாப் பள்ளம். இவரு வலதுல ஒடிச்சிருக்காரு. ரோடு திரும்பறதுக்கும் மேல ஒடிச்சிருக்காரு. பாறையில மோதி நிறுத்தோணும்னு. டிரைவர் சீட்டு வலதுங்க. நல்லாண்ணன் உக்காந்தது இடது."

கிட்டுசாமி கேபினிலிருந்து இறங்கவில்லை. ஆனால் ஜன்னல் திறந்திருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

இதைக் கேட்டால் அவள் அழுவாள், ஆறுதல் அடைவாள் என்று மயில்சாமி நினைத்திருந்தான். அவள் முகத்தில் வந்தது கோபம்.

"நல்லாண்ணனைக் காப்பாத்தோணும்னு தோணியிருக்குது" என்றாள். "நான் ஒருத்தி ஊட்டுல இருக்கறது தோணுச்சா இல்லையா? இனி ஆருகிட்டப் போயிக் கேக்கறதுங்க தம்பி?"

பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இறங்கிவந்தது. அவர்கள் ஏறிக்கொண்டார்கள். அந்த வளைவைத் தாண்டும்போது மயில்சாமி பிரேக்கைத் தொடவில்லை. கியரிலேயே ஊர்ந்தது வண்டி. அப்படியிருந்தும் முள் சட்டென்று பத்துப் பவுண்டு சரிந்து, ஒரு கணம் நின்று, பிறகு ஏறியது. அவன் பார்த்தான், அவளும் பார்த்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பண்ணாரியில் நிறுத்தி, சோப்புத் தண்ணீரோடு வண்டியடியில் ஒவ்வொரு இணைப்பாகப் பூசிப் பார்த்தான். எங்கும் ஒரு குமிழி இல்லை.

திருப்பூரை நெருங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வீட்டில் இறக்கிவிடட்டுமா என்று மயில்சாமி கேட்டான். அவள் வேண்டாமென்றாள். நல்லான் வீட்டில் இறக்கிவிடச் சொன்னாள்.

நல்லானும் மருதாளும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். லாரி வந்து நின்று அவள் இறங்குவதைக் கண்டதும் நல்லான் எழுந்துவிட்டான். என்ன செய்வதென்று தெரியாமல் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். மருதாள் உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டாள். முத்தாத்தாள் வாசலிலேயே நின்றாள். பாறையில் பார்த்ததை நல்லானிடம் சொன்னாள். ஒன்றுகூட ஞாபகம் இல்லையா, யோசித்துச் சொல்லுங்கள் என்று கேட்டாள்.

நல்லான் கையிலிருந்த துண்டை முறுக்கினான். பிறகு, கனவோ என்னவோ, அதனால் யாரிடமும் சொன்னதில்லை என்று ஆரம்பித்தான். எந்த இடம், என்ன நேரம் என்று தெரியவில்லை. கதவுப் பக்கம் திரும்பியிருக்கிறான். முதுகில் ஒரு கை, விரித்த கை, பலமாகத் தள்ளுகிறது. அவ்வளவுதான். கையுடைய ஆள் தெரிவதில்லை. சில நாள் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அந்த இடம் மட்டும் சூடாக இருக்கும் என்றான்.

"எங்கீங்க?" என்று கேட்டாள் முத்தாத்தாள்.

அவன் திரும்பி நின்றான். தோள்பட்டைகளுக்கு நடுவே, கை எட்டாத இடத்தைக் காட்ட முயன்று, முடியாமல் விட்டுவிட்டான். இருட்டிக்கொண்டு வந்தது. மருதாள் உள்ளே போய்ச் சிமினி விளக்கை எடுத்துவந்து அவன் முதுகுக்கு நேராகப் பிடித்தாள்.

வயதான முதுகு. வெயிலில் கறுத்து, எலும்பு தெரிந்தது. தழும்பு ஒன்றும் இல்லை. முத்தாத்தாள் தொடவில்லை. இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அங்கே பார்த்துக்கொண்டே நின்றாள். நல்லானும் அசையாமல் நின்றான். கடைசியில் மயில்சாமி ஹாரன் அடிக்காமல், விளக்குப் போடாமல், லாரியை மெல்லப் பின்னுக்கு எடுத்துத் திருப்பிக்கொண்டு போனான்.